ஊர்பேர் இல்லாச் சொல்லுக்கு ஊரைக் கொடுப்பதோ?

அற்றை நாளில் ஊர்க்குச் செய்தி சொல்ல வந்தவனுக்கு ஒரு முகம் இருந்தது. யானைமேல் அமர்ந்து முரசறைந்த வள்ளுவனாயினும், தெருமுனையில் நின்று பறைகொட்டிய எளியவனாயினும், அவன் இன்னான், இன்னாரால் விடுக்கப்பட்டவன் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். அவன் சொன்னது பொய்யாயின் அவனைக் கேட்கலாம். அவனை விடுத்தவனையும் கேட்கலாம். அச்செழுத்து வந்தபின், துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. தாளிகையின் கடைசிப் பக்கத்தில் வெளியிடுவோன் பெயரும் முகவரியும் இருந்தன. எழுதியவன் சிறைக்கு அணியமாக இருந்துகொண்டே எழுதினான்.

இன்றைக்கு இணையத்தின்வழி வரும் சொல்லுக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. எவனோ, எங்கிருந்தோ, எதற்கோ விடுத்த ஒரு காணொளி, ஒருவேளை உணவு முடிவதற்குள் எண்ணிறந்த கைகளில் ஒளிர்கின்றது. அதன் ஆற்றலை மறுப்பார் இலர். அதனைக் கொண்டு ஓரினத்தைத் திரட்டவும் கூடும். ஓரூரைக் குலைக்கவும் கூடும். 2023ஆம் ஆண்டில், அஃதாவது திருவள்ளுவராண்டு 2054இல், அது திருப்பூரைக் குலைக்கப் பார்த்தது. அந்நிகழ்ச்சியைப் பலர் முடிந்த கதையென்று மறந்துவிட்டனர். அது மறக்கத் தக்கதன்று. அதில் வடபுலத்தார் செய்த பொய்யும் உண்டு. தமிழர் செய்த பிழையும் உண்டு. முன்னதைப் பேசுவோர் பின்னதைப் பேசுவதில்லை. இரண்டையும் பேசினாலன்றித் தமிழுக்கு நலன் விளையாது.

பொய் வந்த வழி

நொய்யலாற்றங்கரையில் பருத்தி வணிகத்தால் ஓங்கி, பின்னலாடையால் உலகறிந்த ஊர் திருப்பூர். 2009 முதல் அது தனி மாவட்டத்தின் தலைநகர். ஊரார் 'பனியன் கம்பெனி' என்றே வழங்கும் தொழிலகங்கள் அவினாசிச் சாலையிலும், பல்லடம் சாலையிலும், மங்கலம் சாலையிலும், அவற்றின் கிளைச் சந்துகளிலும் நிறைந்து கிடக்கின்றன. ஆண்டுக்கு 30,000 கோடி உருபாவிற்கு மேற்பட்ட பின்னலாடைகள் அங்கிருந்து வெளிநாடு செல்கின்றன. துணி வெட்டவும், ஓவர்லாக்குப் பொறியில் தைக்கவும், பிசிறு நீக்கவும், சாயப்பட்டறையில் வேகவும் தென்மாவட்டத்துத் தமிழர் வந்தனர். பின்னர், பீகார், சார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களின் ஏழையரும் பெருந்தொகையாய் வந்து சேர்ந்தனர். அவர்களை எவரும் படையாக அனுப்பவில்லை. அவர்கள் ஊரில் வேலை இல்லை. இங்கே ஆள் வேண்டும். இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரன். அவ்வளவே அவ்வரவின் கதை.

2023 சனவரி இறுதியில் ஒரு காணொளி பரவியது. திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் சிலர், உள்ளூர்த் தொழிலாளரைத் துரத்துவதாக அது காட்டியது. ஒரு சிறு வாய்ச்சண்டையில் முளைத்த கைகலப்பு அது. ஆயினும், 'தமிழனைத் தமிழ்மண்ணிலேயே வடவன் ஓட ஓட விரட்டுகின்றான்' என்னும் முழக்கத்தோடு அது கைப்பேசிதோறும் சென்றது. அடுத்து, பிப்பிரவரியில் இன்னொரு காணொளி. ஓடும் தொடர்வண்டியில் இந்தி பேசும் ஏழைத் தொழிலாளரை ஒருவன் இழிசொற் கூறி அடித்தான். அது பொய்யன்று; நடந்ததே. தொடர்வண்டிக் காவல்துறை அவனைத் தளைப்படுத்தியது.

இவ்விரண்டும் வைக்கோலாய்க் கிடந்த இடத்தில்தான் மார்ச்சுத் தொடக்கத்தில் தீக்கொள்ளி வந்து விழுந்தது. தமிழகத்தில், குறிப்பாகத் திருப்பூரில், இந்தி பேசுவோரைத் தேடித்தேடிக் கொல்கின்றனர் என்று வட இந்தியா முழுதும் செய்தி பறந்தது. இந்தி பேசியதற்காகப் பீகாரியர் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர் என்று பா.ச.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் பிரசாந்து உம்ராவு கீச்சகத்தில் எழுதினார். அத்தகைய நிகழ்ச்சி ஒன்றுகூட நடக்கவில்லை. பரப்பப்பட்ட காணொளிகளோ உண்மையில் எடுக்கப்பட்டவை. ஆனால் எவையும் சொல்லப்பட்டவை அல்ல. ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளரே இருகுழுவாய்ப் பிரிந்து மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்டது. இவ்விரண்டையும் அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு வெளிப்படையாகவே விளக்கினார். வேறு சில, ஐதராபாத்திலும் இராசத்தானத்துச் சோத்பூரிலும் நடந்த கொலைகளைக் காட்டுவன. படம் மெய், ஊர் பொய். குருதி மெய், அதைச் சிந்தியவன் பொய். முழுப்பொய்யை மக்கள் ஐயுறுவர். மெய்யின் தோலைப் போர்த்திக்கொண்ட பொய்யை எவரும் ஐயுறார். இணையப் பொய்யின் உயிர்நிலை இதுதான்.

பீகார்ச் சட்டமன்றத்தில் பா.ச.க. உறுப்பினர் கூச்சல் எழுப்பினர். 'தைனிக் பாசுகர்' என்னும் இந்தி நாளிதழ் உட்படச் செய்தி நிறுவனங்கள் அதனைப் பெருக்கின. அவ்விதழின் ஆசிரியர்மீது தமிழகக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. பீகாரின் ஒரு சிற்றூரில் இருக்கும் தாய் தன் மகனுக்குப் பேசி, 'உயிரோடு இருக்கின்றாயா?' என்று கேட்கும் நிலை வந்தது. அவ்வாண்டு மார்ச்சு 8ஆம் நாள் ஓலி விழா. ஆண்டுதோறும் அவ்விழாவிற்கு ஊர்திரும்புவோர் கூட்டத்தால் தொடர்வண்டிகள் நிறைவது வழக்கம். அந்நெரிசலையே படமெடுத்து, 'உயிருக்கஞ்சி ஓடுகின்றனர்' என்று எழுதினர். ஆண்டுதோறும் நிகழும் ஒன்று, அவ்வாண்டு மட்டும் சான்றாகிவிட்டது!

அந்நாள்களிலேயே திருப்பூர்த் தொடர்வண்டிப் பாதையில் பீகார்த் தொழிலாளர் ஒருவர் பிணமாகக் கிடந்தார். 'கொன்று போட்டுவிட்டனர்' என்னும் சொல் பரவியது. தொழிலாளர் பலர் தொடர்வண்டிக் காவல்நிலையத்தின் முன் திரண்டனர். பாதையைக் கடக்கையில் வண்டியில் அடிபட்டே அவர் இறந்தார் என்பதைக் கண்காணிப்புப் படக்கருவியின் பதிவு காட்டியது. அப்பதிவு இல்லாதிருந்தால்? அன்று சினந்தெழுந்த கூட்டத்தின்முன், அவ்வளவே சினந்த இன்னொரு கூட்டம் எதிர்ப்பட்டிருந்தால்? திருப்பூரின் தெருக்களில் ஓடியிருக்கக்கூடிய குருதி யாருடையது? இருபுறமும் நாட்கூலிக்குப் பொறி ஓட்டும் ஏழைகளின் குருதியே அது.

அரசு விரைந்து செயற்பட்டது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. முதலமைச்சர் மு.க. இசுடாலின், பீகார் முதலமைச்சராயிருந்த நிதீசுகுமாரோடு பேசினார். வடபுலத் தொழிலாளர் தமிழகத்தின் வளர்ச்சிக்கு உழைப்பவர் என்றும், அவர்க்குக் கேடு நேராது என்றும் அறிவித்தார். காவல்துறை இந்தியிலேயே அறிவிப்புகள் செய்து, உதவி எண்களையும் தந்தது. பீகாரிலிருந்து பாலமுருகன் என்னும் அலுவலர் தலைமையில் நால்வர் குழு வந்து, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளரை நேரிற் கண்டு கேட்டது. பரவியவை பொய் என்பது அவர்கட்கும் விளங்கியது. தீ அணைந்தது.

அணைந்ததென்று எல்லாரும் மூச்சுவிட்டனர். ஆனால் தீ வைத்தவர்க்கு என்ன நேர்ந்தது? உம்ராவை மன்னிப்புக் கேட்கும்படி 2023 ஏப்பிரலில் உச்ச முறைமன்றம் சொன்னது. மணீசு காசியப்பு என்னும் வலையொளிக்காரர்மீது பீகார், தமிழகம் இரண்டிலும் வழக்குகள் எழுந்தன. காயக்கட்டுகளோடு தோன்றிய தொழிலாளரின் காணொளி ஒன்று, பாட்னாவிலேயே ஒரு குடிக்கூலி வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார்க் காவல்துறையே கூறியது. அவர் 2023 மார்ச்சில் சரணடைந்தார், தமிழகத்திற்குக் கொணரப்பட்டார், நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டார், அவ்வாணையை அவ்வாண்டு இறுதியில் உயர் முறைமன்றம் நீக்கியது. 2024 ஏப்பிரலில் அவர் பா.ச.க.வில் சேர்க்கப்பட்டார். 2025இல் அதைவிட்டு வேறொரு கட்சிக்குச் சென்று, பீகார்ச் சட்டமன்றத் தேர்தலிலும் நின்றார். ஓரூரையே நடுங்கவைத்த செய்தியோடு பேர் இணைந்த ஒருவரைக் கட்சிகள் விலக்கி நிறுத்தவில்லை, வரவேற்று மாலையிட்டன. இவ்வரசியலில் பழியும் ஒரு முதல். பேர் பரவினாற் போதும்!

பொய்யைச் சுமக்கும் வணிகம்

வாட்சாப்பு எனப்படும் புலனமும், முகநூலும், வலையொளியும் அறச்சாலைகள் அல்ல; வணிகக் கடைகள். மாந்தன் எவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்க்கின்றானோ, அவ்வளவிற்கு முகநூலுக்கும் வலையொளிக்கும் விளம்பர வருமானம். மாந்தன் எதைக் கண்டால் கண்ணெடுக்கமாட்டான்? அச்சத்தைக் கண்டால், சினத்தைக் கண்டால், தன்னினத்தான் அடிபடுவதைக் கண்டால். ஆகவே அவற்றையே அக்கடைகளின் கணக்குப்பொறி முன்னே தள்ளுகின்றது. பொய்யைப் பரப்பவேண்டும் என்று அப்பொறிக்கு எண்ணம் இல்லை. மெய்யைப் பரப்பவேண்டும் என்னும் எண்ணமும் இல்லை.

புலனத்தின் வழியோ வேறு. அங்கே செய்தியைத் தள்ளுவது பொறியன்று, உற்றாரும் நண்பருமே. அயலான் சொல்வதை ஐயுறுபவன், மாமன் அனுப்பியதை ஐயுறுவதில்லை. அனுப்பிய மாமனோ, அதனை எழுதியவன் அல்லன். எங்கிருந்து வந்ததென்றும் அறியான். இவ்வாறு ஊர்பேர் தெரியாத ஒருவனின் பொய், உற்றாரின் வாய்வழியே வீட்டிற்குள் நுழைகின்றது.

இது திருப்பூருக்கு மட்டும் வந்த நோயன்று. 2012 ஆகத்தில், வடகிழக்கு மாநிலத்தாரைத் தாக்கப்போகின்றனர் என்னும் குறுஞ்செய்திகளும் புரளிகளும் பரவி, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சில நாள்களிலேயே தொடர்வண்டி ஏறி ஓடினர். அன்று நடுவணரசு, ஒருவர் ஒரே வேளையில் ஐவர்க்குமேல் குறுஞ்செய்தி அனுப்பலாகாதென்று சின்னாள் தடைவிதித்தது. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டிப் பகுதியில் முசுலிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, முகநூலில் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறியுரைகள் அத்தீக்கு நெய்யாயின. அவற்றைப் படித்து நீக்கச் சிங்களம் அறிந்தார் அந்நிறுவனத்தில் போதிய அளவில் இல்லை. தன் பங்கிற்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீடு மன்னிப்பால் எழுந்துவிடுமா?

இங்கே மொழியறிவார் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்டியில் பொய் சிங்களத்தில் சென்றது. பீகாரில் பொய் இந்தியிலும் போச்புரியிலும் சென்றது. பொய்யைப் பரப்புகின்றவன், கேட்பவனின் நெஞ்சிற்கு நெருங்கிய மொழி எதுவென்று நன்கறிவான். தாய்மொழியின் ஆற்றலைத் தமிழறிஞரினும் அவனே நன்குணர்ந்து பயன்கொள்கின்றான்!

தமிழிலும் பொய் உண்டு

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, 'வடவரின் பொய் இத்தகையது' என்று தலையசைத்துப் போவோர் இதனையும் கேட்க வேண்டும். 2018 மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வழியில் நின்ற பிள்ளைகட்கு அவர்கள் இன்மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்று அதற்குமுன்பே புலனத்தில் செய்தி பரவியிருந்தது. ஊர் திரண்டது. அறுபத்தைந்து அகவை மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார், உடன்வந்தோர் குற்றுயிராயினர். அடித்தவர் தமிழர், அடிபட்டவரும் தமிழர். அவ்வூரைத் திரட்டிய செய்தியும் எவனோ எழுதி எவரெவரோ கடத்திய தமிழ்ச் செய்தியே. அதன்பிறகே, அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்திடங்கட்குமேல் கடத்தவொண்ணாதபடி இந்தியாவில் புலன நிறுவனம் கட்டுப்படுத்தியது. நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்து முடிந்தபின் வந்த கட்டுப்பாடு அது.

தமிழில் இருப்பதனாலேயே ஒரு சொல் தமிழுக்கு உரியதாகிவிடுமா? வடசொல் கலவாத தூய தமிழில் எழுதப்பட்ட பொய்யும் பொய்யே. மொழித்தூய்மை பேசுகின்றவர்க்குச் செய்தித்தூய்மை பற்றிக் கவலை இல்லையாயின், அத்தூய்மை வெறும் மேற்பூச்சு.

2023 சனவரியில் அந்தத் துரத்தல் காணொளியைக் கைம்மாற்றிக் கைம்மாற்றிப் பரப்பியவர்களில், தமிழ்ப்பற்றாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரும் இருந்தனர் என்பதை மறைப்பதால் பயன் இல்லை. அவர்களில் எத்தனைபேர், 'எந்த இடம்? என்று நடந்தது? எதனால் நடந்தது?' என்று வினவினர்? வினவாமலே, ஒரு தெருச்சண்டையை இனப்போராக்கிக் காட்டினர். பிப்பிரவரியில் தொடர்வண்டிக்குள் ஏழையை அடித்தவனுக்கு அத்துணிவை யார் கொடுத்தனர்? அவன் கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழுந்த ஊர்பேர் இல்லாச் சொற்கள் கொடுத்தனவா இல்லையா என்பதை, அவற்றைப் பரப்பியவர்களே நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்க. மார்ச்சில் வடபுலப் பொய்யன் தன் பொய்க்குச் சான்றாகத் தூக்கிக் காட்டியதும் தமிழர் சிலரின் அவ்வெறுப்புரைகளைத்தானே! தமிழைக் காக்கின்றேன் என்று கிளம்பி, தமிழ்ப்பகைவனின் கையில் கருவியை எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

'இந்தித் திணிப்பை எதிர்க்க வேண்டாவோ?' என்று சிலர் சீறுவர். எதிர்க்க வேண்டும், எள்ளளவும் தளர்வின்றி எதிர்க்க வேண்டும். ஆனால், திணிப்பு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்து எதிர்க்க வேண்டும். இந்திய அரசமைப்பின் 343ஆம் பிரிவிலிருந்து வருகின்றது. தில்லியின் ஆட்சிமொழிக் குழுவிலிருந்து வருகின்றது; அதன் பரிந்துரைகளை எதிர்த்துத்தான் 2022 அக்தோபரில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கல்விக்கொள்கையின் பெயரால் பள்ளிப்பணத்தை நிறுத்திவைக்கும் நடுவணரசின் கையிலிருந்து வருகின்றது. வேலம்பாளையத்துத் தகரக் கொட்டகையில் ஓவர்லாக்குப் பொறியின்முன் பன்னிரண்டு மணிநேரம் குனிந்திருக்கும் பீகாரியனின் வாயிலிருந்து வரவில்லை.

அந்தப் பீகாரியனின் தாய்மொழி இந்திதானா? அதையேனும் வினவியறிந்தாருண்டா? அவனுடைய தாய் பேசுவது போச்புரி, அல்லது மகதி, அல்லது மைதிலி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 இலக்கத்தவர் என்று காட்டப்பட்டுள்ளது. அதனுள் அடைத்து எண்ணப்பட்டவர்களில் போச்புரி பேசுவோர் மட்டும் 5 கோடிக்கு மேல். மகதி பேசுவோர் 1 கோடியே 27 இலக்கம். மைதிலி மட்டுமே போராடி, 2003இல் நிறைவேறிய திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. இந்தி முதலில் விழுங்கியது இவர்களின் மொழிகளையே. தமிழகம் 1938இலும் 1965இலும் எந்த வாய்க்குத் தப்பியதோ, அந்த வாய்க்குள் போய்விட்டவர்கள் இவர்கள். தாய்மொழியை இழந்தவனைப் பகைவன் என்று அடிப்பவன், தாய்மொழியின் அருமையை அறிந்தவன் ஆகான்.

கூட்டமும் இயக்கமும்

இணையத்தால் நன்மையே இல்லையா? உண்டு. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டதை உலகமே கண்டது. 2014 மே 7ஆம் நாள் உச்ச முறைமன்றம் விதித்த தடையை எதிர்த்து, சனவரி 17 முதல் 23 வரை, இரவும் பகலும் அவர்கள் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தனர். அலங்காநல்லூரிலும் கோவையிலும் பிற ஊர்களிலும் திரண்டனர். கட்சித் தலைவர் எவரும் அழைக்கவில்லை. முகநூலும் புலனமும் அழைத்தன. அரசு அவசரச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் வழியில் வந்த திருத்தத்தை 2023 மே 18ஆம் நாள் உச்ச முறைமன்றமே ஏற்றது. இணையம் அழைத்தால் தமிழினம் எழும் என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அவ்வெழுச்சியின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசியிலேயே நின்றிருந்தால் அது வென்றிருக்குமா? முகம் தெரிந்த மாந்தர், தெரிந்த ஓரிடத்தில், தெளிந்த ஒரே கோரிக்கையோடு, பகலில் எல்லாரும் காண அமர்ந்தனர், அதனால் வென்றனர். அவர்கள் தம் முகத்தை மறைக்கவில்லை. பொய்யன் மறைக்கின்றான். வேறுபாடு அதுவே. இன்னொன்றும் உண்டு. சனவரி 23ஆம் நாள் காலையில் காவல்துறை தடியோடு வந்தபோது, அக்கூட்டத்தின் சார்பில் பேசத்தக்க அமைப்பு ஒன்றும் அங்கே இருக்கவில்லை. ஒருவாரத்தில் கூடியது ஒரு பொழுதில் கலைந்தது. அழைப்பது கருவியால் ஆகும். கட்டிக் காப்பது கருவியால் ஆகாது.

1938ஐ நினைக்க. ஆகத்து முதல்நாள் திருச்சி உறையூரிலிருந்து தமிழர் பெரும்படை புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், திருப்பூர் மொய்தீன் முதலானோர் அதில் நடந்தனர். செப்தம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தனர். நாற்பத்திரண்டு நாள்கள்! ஒரு கைப்பேசிச் செய்தி கண்ணிமைப்பதற்குள் கடக்கும் தொலைவை அவர்கள் நாற்பத்திரண்டு நாள்கள் நடந்து கடந்தனர். ஊர்தோறும் நின்றனர்; உண்டனர்; பேசினர்; கேட்டவர்க்கு விடை சொன்னார்கள். நடராசனும் தாலமுத்துவும் 1939இல் சிறைப்பட்டு உயிர்நீத்தனர். 1940 பிப்பிரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. திருப்பூர்க்காரர் மொய்தீன் அன்று சுமந்து சென்ற சொல்லுக்கு அவர் முகமும் பேரும் ஊரும் இருந்தன. அதே திருப்பூரின் பேரைக் கொண்டு இன்று பரவும் சொற்களுக்கு எவர் முகம் இருக்கின்றது?

விரைவு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. விரைவைக் கண்டு மயங்கி, நின்று விடைசொல்லும் கடமையை விட்டுவிடலாகாது என்பதே சொல்வது.

ஒரே பொறியின் இருபுறமும்

திருப்பூரில் அப்பொய் ஏன் அவ்வளவு எளிதாய்ப் பற்றியது? அடிக்கரணியம் ஒன்றுண்டு, அதனை அலுவலரும் சொல்லவில்லை, அரசியலாரும் சொல்லவில்லை. ஒரே தொழிலகத்தில், ஒரே மேசையின் இருபுறமும், ஒருவன் வெட்டிக் கொடுக்க மற்றொருவன் தைக்க, ஆண்டுக்கணக்காய் உழைக்கும் தமிழனுக்கும் பீகாரியனுக்கும் இடையில் பேச ஒரு மொழி இல்லை. பத்துப் பன்னிரண்டு வேலைச்சொற்கள், மற்றவை கைச்சைகை. தேநீர் இடைவேளையில் இவன் தன் கைப்பேசியைப் பார்க்கின்றான். அவன் தன் கைப்பேசியைப் பார்க்கின்றான். இவன் கைப்பேசி, 'அவன் உன்னை விரட்ட வந்தவன்' என்கின்றது. அவன் கைப்பேசி, 'இவன் உன்னைக் கொல்லப் போகின்றவன்' என்கின்றது. இருவரும் தலை நிமிர்ந்து, 'இது மெய்யா?' என்று ஒருவரையொருவர் கேட்டிருந்தால், ஆயிரங்கல் தொலைவிலிருந்து வந்த பொய் அம்மேசையிலேயே செத்திருக்கும். கேட்க மொழி இல்லை. அந்த இடைவெளியில்தான் ஊர்பேர் இல்லாச் சொல் வந்து குடிபுகுந்தது.

அவ்விடைவெளியை எம்மொழி நிரப்ப வேண்டும்? இந்தி நிரப்பட்டும் என்பான் தில்லியான். தமிழனும் இந்தி கற்றிருந்தால் இத்தொல்லை இல்லையே என்று இதையே கரணியமாகவும் காட்டுவான். தமிழ்மண்ணில் அவ்விடைவெளியைத் தமிழே நிரப்ப வேண்டும். திருப்பூர் வட்டாரத்து அரசுப்பள்ளிகளில் வடபுலத் தொழிலாளரின் பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கின்றனர். அப்பிள்ளைகள் தாய்தந்தையர்க்குக் கடையிலும் மருத்துவமனையிலும் துணைநின்று தமிழ் பேசுகின்றனர். பிள்ளைக்கு இயல்வது தந்தைக்கு இயலாதா? மாலையில் ஒருமணிநேரம் அவனுக்குத் தமிழ் கற்பிக்க ஆள் இருந்தால் இயலும். யார் கற்பிப்பது? தமிழ்ப்பற்றுடையார் அன்றி வேறு யார்?

வெறுப்புச் செய்தி ஒன்றைக் கடத்த ஒரு விரல் போதும். ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்க ஓராண்டு வேண்டும். அதனாலன்றோ முன்னதற்கு ஆயிரவர் வருகின்றனர். பின்னதற்கு ஒருவரும் வருவதில்லை! தமிழை எதிர்த்து வந்தவன் என்று எவனை ஏசுகின்றார்களோ, அவனையே தமிழ் பேசுபவனாக்கினால் அது தமிழுக்கு வெற்றி. அவனை ஓடச்செய்தால் அவன் இடத்திற்கு ஒப்பந்தக்காரன் நாளையே வேறொருவனைக் கொணர்வான். கூலியைக் குறைக்க ஆள் தேடும் முதலாளியை விட்டுவிட்டு, குறைந்த கூலிக்கு வந்தவனைக் கடிந்து பயன் என்ன?

செய்யத் தக்கன

தமிழ் உணர்வாளர் ஒவ்வொருவரும் இன்றே ஓர் உறுதி மேற்கொள்க. எழுதியவன் பெயர், நடந்த ஊர், நடந்த நாள் ஆகிய மூன்றும் இல்லாத செய்தி எதையும், அது தமிழுக்கு எவ்வளவு இனிப்பதாயினும், கைம்மாற்றுவதில்லை என்பதே அவ்வுறுதி. இனிக்கும் பொய்யே கொடியது. கசக்கும் பொய்யை எவரும் விழுங்கார். தமிழ்ப்பெருமை பேசும் புனைவுகளுக்கும் இது பொருந்தும். உலகமே ஒப்புக்கொண்டதாக ஊர்பேர் இன்றி வரும் பழம்பெருமைச் செய்திகள், மெய்யான தமிழ்ப்பெருமையையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றன. தவறாகப் பரவியது தெரிந்தவிடத்து, அதனை மறுத்து, மறுப்போன் தன் பெயரோடு எழுதுக. அமைப்புகள் தங்கட்கென இணையப்பக்கங்கள் வைக்கட்டும்; அவற்றில் தாளிகையின் கடைசிப் பக்கத்தில் இருப்பதுபோல் பொறுப்பாளர் பெயரும் முகவரியும் இருக்கட்டும். தொழிலாளர் குடியிருக்கும் பகுதிகளில் மாலைத் தமிழ் வகுப்புகள் தொடங்கட்டும். அச்சம் பரவும் வேளையில் அத்தொழிலாளரின் தாய்மொழியிலேயே மெய்யைச் சொல்லவும் சிலர் அணியமாகட்டும். பிறன் தாய்மொழியை மதிப்பது தமிழை இழப்பதாகாது.

மதுரையில் ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்யை ஆராயாமல் ஏற்றான் ஒரு மன்னன். கோவலன் கொலையுண்டான், மன்னன் உயிர்விட்டான், மதுரை எரிந்தது. அந்தப் பொற்கொல்லனுக்காவது ஒரு முகம் இருந்தது. மன்னன் அவனை நிறுத்தி, இன்னும் ஒருகேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமையே அவன் குற்றம். இன்று ஒவ்வொருவன் கையிலும் அம்மன்னனின் ஆணைக்கோல் இருக்கின்றது. ஒரு விரலசைவில் ஒருவனைக் குற்றவாளியென்று ஊர்க்கு அறிவிக்கும் அதிகாரம் இருக்கின்றது. 2023இல் திருப்பூர் எரியவில்லை. அடுத்தமுறை பொய் வரும்போது காவல்துறையின் படக்கருவி பார்த்துக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஒவ்வொரு தமிழனும் கேட்கட்டும்; விடை கிடைக்கும்வரை அவன் விரல் அசையாதிருக்கட்டும்.